இரப்பர்த் தோட்டமும் நிலமற்றோர் வழக்கும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களுக்கு எதைச் சொல்வது என்று எண்ணிப் பார்த்தோம். பட்டம் பெற்றோரின் பெருமையையும் பணியில் அமர்ந்தோரின் உயர்வையும் மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கும். நாம் நிலத்தைப் பற்றிச் சொல்ல விழைகின்றோம். நம் மக்கள் கல்வியை ஓரளவேனும் எட்டிப் பிடித்துவிட்டனர். நிலமோ இன்னும் எட்டாக் கனியாகவே இருக்கின்றது. அந்நிலத்தின் கதையினை இரப்பர் மரத்தின் வழியே சொல்லப் புகுகின்றோம்.

இரப்பரை ஏன் தேர்ந்தோம்? உலகில் ஓடும் வண்டிச் சக்கரங்களுக்கெல்லாம் பால் சுரந்த மரத்தின் அடியில், கத்தியும் வாளியும் ஏந்தி விடியுமுன் நின்றோருள் நம் மக்கள் மிகப் பலர். இன்று அத்தொழிலில் புதியதொரு சொல் புகுந்துள்ளது. ‘நீடித்த உற்பத்தி’, ‘காடழிப்பில்லா இரப்பர்’ என்று பெரிய நிறுவனங்கள் பேசுகின்றன. மரத்துக்கும் காட்டுக்கும் நீதி பேசும் இச்சொல், அம்மண்ணில் உழைத்த மனிதனுக்கும் நீதி பேசுகின்றதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடல் கடந்து வந்த விதை

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அக்கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கினார். அதே ஆண்டில் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் மடியாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தளித்தார். மோட்டார் வண்டி பெருகப் பெருக இரப்பருக்கான வேட்கையும் பெருகிற்று.

அவ்வேட்கை எத்தகைய கொடுமையை விளைத்தது என்பதற்கு ஆப்பிரிக்காவின் காங்கோ சான்று. அங்கே பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில், குறித்த அளவு இரப்பர் கொணராத மக்கள் சித்திரவதைக்கும் கொலைக்கும் ஆளாயினர். 1904இல் வெளிவந்த ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை அதனை உலகறியச் செய்தது. லைபீரியாவிலோ 1926ஆம் ஆண்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் 10 இலட்சம் ஏக்கர் வரை நிலத்தை 99 ஆண்டுகளுக்குக் குத்தகை பெறும் உரிமையைப் பெற்றது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஆறு சென்ட் காசே குத்தகை. அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்தோரின் இசைவை எவரும் கேட்டிலர்.

மலாயாவில் காடு திருத்தி இரப்பர் நட்டபோது, ஆள் தேடிக் கப்பல்கள் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தன. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் சென்றோருள், பண்ணையடிமைத் தளையில் உழன்ற நம் சேரி மக்கள் மிகப் பலர். பண்ணையாரின் பிடியை விட்டு நீங்க அவர்களுக்குக் கடல் ஒன்றே வழியாயிற்று. ஆயினும் லயத்து வீடுகளிலும் சாதி அவர்களைத் தொடர்ந்து சென்றது. உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றம் 1938இல் தடுக்கப்படும் வரை கப்பல்களும் சென்றுகொண்டிருந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோதும், செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியபோதும், மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்து நின்றன. அவர்கள் நட்ட மரம் முதலாளியின் கணக்கில் இருந்தது. அவர்கள் குடியிருந்த மண்ணும் அவ்வாறே.

அண்டை மாநிலத்தின் பாடம்

இந்தியாவில் வாணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம், 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் உருவாயிற்று. அதன்பின் திருவிதாங்கூரின் மலையடிவாரங்களில் இரப்பர் படர்ந்தது. அந்நாட்டின் நம் மக்களது நிலையினை இளைஞர்கள் அறிதல் வேண்டும். புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்ட அடிமைகளாய் இருந்தனர். 1855இல் அரசு அடிமை முறையை ஒழித்தது. பத்தாண்டு கழித்து, 1865இல் அரசு நிலத்தைக் குத்தகைக்கு உழுதோருக்கு அந்நிலத்தின் மீது நிலைத்த உரிமை வழங்கும் பிரகடனம் வந்தது. விடுதலை பெற்ற அடிமை குத்தகைதாரன் அல்லனே. ஆதலின் அவ்வுரிமை அவன் வாயிற்படியை மிதிக்கவில்லை.

பெருந்தலைவர் அய்யன்காளி இதனைத் தெளிவாக உணர்ந்தவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அவர் நிறுவினார். நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் உங்கள் வயலில் எம் கால் படாது என்ற உறுதியோடு, அவர் வழிநின்ற உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1911இல் திருவிதாங்கூரின் பிரஜா சபைக்கு உறுப்பினராக அமர்த்தப்பட்ட பின்னர், அங்கே அவர் வற்புறுத்தியவை பள்ளியும் நிலமுமே ஆகும். தரிசாய்க் கிடக்கும் புதுவல் நிலங்களை நம் மக்களுக்குப் பதிந்து தருமாறு அவர் கேட்டார். கல்வியும் நிலமும் இரு கண்கள் என்று அம்மேதை கண்ட உண்மையை, கல்விச் சங்கம் நடத்தும் நாம் மறத்தல் ஆகாது.

விடுதலைக்குப் பின் கேரளத்தில் நாடு புகழும் நிலச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் திருத்தப்பட்டு, 1970 சனவரி முதல் நாளன்று குத்தகை முறை முற்றிலும் ஒழிந்தது. குத்தகைதாரர் உடைமையாளர் ஆயினர். அச்சாதனையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, நம் மக்களுள் பெரும்பாலோர் குத்தகைதாரர் அல்லர், கூலிகள். அவர்களுக்குக் கிட்டியது குடிகிடப்பு உரிமை மட்டுமே; ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட். இரண்டாவது, தேயிலை, காப்பி, ஏலம், இரப்பர் முதலிய தோட்டங்களுக்கு நில உச்சவரம்பினின்றும் விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டங்களைத் துண்டாக்கினால் விளைச்சலும் ஏற்றுமதி வருவாயும் வேலையும் குறையும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். காரணத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் விளைவு யாது? நெல்வயல் பகிரப்பட்டபோது நம்மவர் வரிசையில் இல்லை. மலைத்தோட்டமோ பகிரப்படவே இல்லை.

1972இல் இலட்சம் வீடு திட்டத்தாலும், பின்வந்த திட்டங்களாலும் ‘காலனிகள்’ எழுந்தன. குடும்பம் பெருகியது, நிலம் பெருகவில்லை. இறந்தோரைப் புதைக்க இடமின்றிச் சமையற்கட்டின் தரையைத் தோண்டிய குடும்பங்களின் செய்தி நாளேடுகளில் வந்ததுண்டு. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கேரள அரசு ‘காலனி’ என்னும் இழிபெயரை நீக்க ஆணையிட்டது. அதனை வரவேற்கின்றோம். பெயர் மாறிய பின்னும் மனையின் அளவு மாறவில்லை என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

செங்கறா

2007 ஆகஸ்டு 4ஆம் நாள், பத்தனம்திட்டா மாவட்டத்துச் செங்கறாவில், ஹாரிசன்ஸ் மலையாளம் நிறுவனத்தின் இரப்பர்த் தோட்டத்துள் நிலமற்ற குடும்பங்கள் புகுந்து குடிலமைத்தன. பெரும்பாலோர் தலித் மக்கள். பழங்குடியினரும் பிற ஏழைகளும் உடன் இருந்தனர். சாதுஜன விமோசன சம்யுக்த வேதி என்னும் அமைப்பு முன்னின்றது. மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற இளாகா கோபாலன் தலைமை தாங்கினார். ‘சாதுஜன’ என்னும் சொல்லிலேயே அய்யன்காளியின் மரபு ஒலிப்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம் என்பது அவர்களின் தொடக்கக் கோரிக்கை. கோரிக்கை பின்னர்க் குறைந்தது. ஆனால் அதன் உட்பொருள் குறையவில்லை. வீட்டுமனை வேண்டா, விளைநிலம் வேண்டும் என்பதே அது.

சில நூறு குடும்பங்களாய்த் தொடங்கிய கூட்டம் பல ஆயிரமாய்ப் பெருகிற்று. மரங்களுக்கிடையே நெகிழித் தாள் போர்த்திய குடில்கள் எழுந்தன. வெளியேற்ற வந்தால் உயிர் துறப்போம் என்று மண்ணெண்ணெயோடும் தூக்குக் கயிற்றோடும் மக்கள் நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. குருதி சிந்தாமல் வெளியேற்றுக என்று உயர்நீதிமன்றம் பணித்தது. அரசால் அஃது இயலவில்லை.

இங்கே நாம் மனம் நோகும் ஒரு செய்தியையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2008 ஆகஸ்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள், கட்சி வேறுபாடின்றி, குடியிருப்பின் வழிகளை மறித்தன. உள்ளிருந்தோருக்கு உணவும் மருந்தும் செல்வது தடைப்பட்டது. மறித்தோரும் ஏழைகளே. பால்வெட்டு நின்றதால் அவர்கள் கூலி நின்றது, அடுப்பு அணைந்தது. தோட்டத்தின் உள்ளே ஓர் ஏழை, வெளியே ஓர் ஏழை; இருவரையும் எதிரெதிரே நிறுத்திய வழக்கின் மூலமோ நெடுந்தொலைவில் நில ஆவணங்களுக்குள் ஒளிந்திருந்தது. அத்தொழிலாளரை நாம் பகைவராகக் கருதுதல் தகாது. மலாயாவின் லயங்களில் நின்ற நம் பாட்டனும் அவர்போல் கூலி ஒன்றையே நம்பி வாழ்ந்தவன்தான்.

2009 அக்டோபரில் அன்றைய முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 1,400 குடும்பங்களுக்குப் பல மாவட்டங்களில் நிலம் தருவதென்றும், பழங்குடியினருக்கு ஓர் ஏக்கரும் பிறருக்கு அதனினும் குறைவாகவும் அளிப்பதென்றும் முடிவாயிற்று. பட்டாவைக் கையில் வாங்கிச் சென்றோர் பலர், பாறையையும் வழியற்ற மேட்டையும் நீரற்ற தரிசையும் கண்டு திரும்பினர். பல குடும்பங்கள் செங்கறாவிலேயே தங்கிவிட்டன. அவர்கள் நிலத்தைத் தமக்குள் அளந்து பகிர்ந்து, மரவள்ளியும் வாழையும் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டனர். பட்டா இன்மையால் வீட்டு எண், மின்சாரம், பங்கீட்டு அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். இளாகா கோபாலன் 2021இல் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

நிலம் யாருடையது?

அக்கேள்வியின் சட்ட வடிவமும் நம் இளைஞர்கள் கற்கத் தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் வைத்திருந்த தோட்ட நிலம், விடுதலைக்குப் பின் எவ்வாறு, எந்த ஆவணத்தின் பேரில் கைமாறிற்று என்பது கேரளத்தில் நெடுநாளைய வழக்கு. அரசு சிறப்பு அலுவலராக அமர்த்திய இராஜமாணிக்கம் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் ஆய்ந்து, 5 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட தோட்ட நிலம் முறையான உரிமையின்றி நிறுவனங்களின் பிடியில் இருப்பதாக 2016இல் அறிக்கை அளித்தார். ஹாரிசன்ஸ் நிறுவனம் வைத்திருந்ததும் விற்றதுமான ஏறத்தாழ 38,000 ஏக்கரை மீட்க ஆணைகளும் பிறப்பித்தார். நிறுவனம் வழக்காடியது. 2018 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணைகளை நீக்கிற்று. நில உரிமையைத் தீர்க்கும் அதிகாரம் சிறப்பு அலுவலருக்கு இல்லை, உரிமையியல் நீதிமன்றமே அதனை ஆராய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். உச்சநீதிமன்றமும் அவ்வாண்டே அரசின் முறையீட்டைத் தள்ளிற்று. பின்னர் அரசு உரிமையியல் நீதிமன்றங்களை நாடியது.

தீர்ப்பினை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். நிலம் நிறுவனத்துக்கே உரியது என்று அத்தீர்ப்பு முடிவு கட்டவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு என்று மட்டுமே கூறிற்று. இந்நுட்பத்தை அறியாதவர் ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று சோர்ந்துவிடுவர். அறிந்தவர் அடுத்த வாயிலைத் தட்டுவர். கல்வியின் பயன் இதுவே.

பச்சை முத்திரை

இனி நீடித்த உற்பத்தி என்னும் புதுச்சொல்லுக்கு வருவோம். இச்சொல் வீணில் பிறக்கவில்லை. 1993க்குப் பின் தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் 40 இலட்சம் எக்டேருக்கு மேற்பட்ட காடு இரப்பருக்காக அழிந்ததாக 2023இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நிறுவனங்களும் தொண்டமைப்புகளும் 2018இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு நீடித்த இயற்கை இரப்பருக்கான உலகளாவிய மேடையினைத் தொடங்கின. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புத் தடைச் சட்டத்தை இயற்றி, மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை எண்ணெய், சோயா, மரம் ஆகியவற்றோடு இரப்பரையும் அதில் சேர்த்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போயிற்று.

முத்திரையை மட்டும் நம்புதல் எத்துணைத் தவறு என்பதற்கு இந்தோனேசியாவின் ஜாம்பி மாநிலம் எடுத்துக்காட்டு. அங்கே பிரெஞ்சுச் சக்கர நிறுவனமான மிஷெலினும் உள்நாட்டுக் குழுமம் ஒன்றும் கூட்டாக நடத்திய தோட்டத் திட்டம், காட்டையும் மக்களையும் காக்கும் முன்மாதிரி என்று அறிவிக்கப்பட்டது. 2018இல் அதன்பொருட்டு 9 கோடியே 50 இலட்சம் டாலர் பசுமைக் கடன் பத்திரமாகத் திரட்டப்பட்டது. கூட்டு உருவாகுமுன்பே உள்நாட்டுப் பங்காளியின் துணை நிறுவனம் அப்பகுதியில் இயற்கைக் காட்டைப் பெருமளவில் அழித்தது என்று 2020இல் ‘மைட்டி எர்த்’ என்னும் அமைப்பு குற்றஞ்சாட்டியது. மிஷெலின் அதன் முடிவுகளை மறுத்தது. அக்குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்க, அக்காட்டை நம்பி வாழும் ஓராங் ரிம்பா மக்களும், அங்குக் குடியேறிப் பயிர்செய்யும் ஏழை உழவரும் தோட்ட எல்லையோடு பிணக்கில் நின்றனர். பத்திரத்தை வாங்கியவர் தொலைநகரத்தார். எல்லைக் கல்லில் இடறுபவர் உள்ளூரார்.

இனி ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு விதியைக் கூர்ந்து நோக்குவோம். 2020 திசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பொருள் ஆகாது என்கின்றது அது. நன்று. ஆயின் நூறாண்டுக்கு முன் காடழித்து அமைத்த தோட்டம் இவ்விதியில் எளிதில் தேறிவிடும். மரத்தின் வரலாறு அந்நாளில் தொடங்குவதாகச் சட்டம் கொள்கின்றது. நம் வரலாறோ 1855க்கும் முன்னர்த் தொடங்குகின்றது. பழைய தோட்டம் காட்டை அழிக்கவில்லை என்பதனாலேயே அங்கே அநீதி இல்லை என்று ஆகிவிடாது.

ஆயினும் அதே சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. பொருள் விளைந்த நாட்டின் சட்டப்படி அது விளைந்திருத்தல் வேண்டும். நிலப் பயன்பாட்டு உரிமை, தொழிலாளர் உரிமை, மனித உரிமை ஆகியவையும் அச்சட்டங்களுள் அடங்கும். ஆகவே ‘உன் நில உரிமைக்கு ஆவணம் யாது?’ என்று கேட்கும் வாயில் சற்றே திறந்திருக்கின்றது. இக்கேள்வி பெருநிறுவனத்திடம் கேட்கப்படுமா, அன்றி ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரனை மட்டும் அலைக்கழிக்குமா என்பதே நாம் விழிப்போடு நோக்க வேண்டுவது. இந்திய இரப்பரில் பெரும்பங்கு சிறு தோட்டங்களில் விளைவது. அவர்களுள் ஏழைகளும் உளர்.

நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது

இவையெல்லாம் கேரளத்துக் கதை, ஜாம்பியின் கதை என்று தமிழ்நாட்டு இளைஞர் ஒதுங்க முடியாது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. பத்தாண்டு வரை விற்கலாகாது, அதன்பின்னும் நம் மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தும், அதன் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போயிற்று. 1994 அக்டோபர் 10ஆம் நாள், காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் செங்கற்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் ஈந்தனர்.

அந்நிலம் போன வழியை நாம் நன்கு அறிவோம். படிக்கத் தெரியாத பாட்டன் கைநாட்டு வைத்தான். படிக்கத் தெரிந்தவன் பத்திரம் எழுதிக்கொண்டான். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எழுத்தறிவித்தது, அக்கைநாட்டுக்கு ஒரு முடிவு காணவேயாம்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் வேண்டுவது இது. நும் வீட்டுப் பெட்டியில் உள்ள பழம் பத்திரங்களை எடுத்துப் படியுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், நிலவரைபடம் ஆகியவற்றைப் பார்த்துப் பழகுங்கள். ஊர்ப் பெரியவர் எல்லை சொல்லும்போது குறித்து வையுங்கள். சட்டம் பயில்வோர் தீர்ப்பைச் செய்தித்தாளில் மட்டும் படியாது, மூலத்தில் படியுங்கள். ‘நீடித்தது’, ‘பசுமையானது’ என்று எவர் கூறினும், யாருடைய நிலத்தில், யாருடைய இசைவோடு, யாருடைய கூலியில் என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

இரப்பர் மரம் ஏழாம் ஆண்டளவில் பால் தரத் தொடங்கும். அதன்பின் இருபத்தைந்து ஆண்டளவில் பால் வற்றி, வெட்டி வீழ்த்தப்படும். நம் சங்கமும் இருபத்தைந்து ஆண்டைக் கடந்துவிட்டது. இது வீழும் மரமன்று. இனிமேல்தான் இதன் பயனை நம் மண்ணில் காண வேண்டும்.